கடைமடை அலுவலகத்தின் தமிழ் நகல்

1962-ஆம் வருஷம் செப்டம்பர் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரைக்கும் நாலரைக்கும் இடையில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் நாற்பதாயிரம் புங்கமரங்கள் முளைத்தன. கன்றுகளாக அல்ல, மூன்று வருஷ வளர்ச்சியோடு முளைத்தன. ஏனென்றால் அவை நட்டு மூன்று வருஷமாகிவிட்டதாக அறிக்கையில் இருந்தது. பிடாரி வாய்க்காலின் இரு கரைகளிலும் பத்தடிக்கு ஒன்று என்பது கணக்கு. ஆனால் பிடாரி வாய்க்கால் ஜீயபுரத்துக்கு மேற்கே காவிரியில் பிரிந்து, பதினோரு மைல் ஓடி, ஊமங்குடியில் முடிந்துவிடுகிற சின்ன வாய்க்கால். எப்படி நெருக்கினாலும் பன்னிரண்டாயிரம் மரத்துக்கு மேல் அதன் கரை கொள்ளாது. மீதி இருபத்தெட்டாயிரமும் இடம் தேடிக் கிழக்கே வந்து டவுனுக்குள் கிடைத்த இடத்தில் நின்றுகொண்டன. தெப்பக்குளத்தைச் சுற்றி இரண்டு வரிசை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முந்நூறு. தென்னூர் சலூன் ஒன்றில் சவரம் செய்துகொண்டிருந்தவர் நாற்காலியோடு கூரையைத் துளைத்து மேலே போய்விட்டார். மற்றக் கன்னத்தை நாவிதர் ஏணி வைத்து முடித்தார். கிளைகளைக் கழித்ததில் அந்த வாரம் விறகு விலை பாதியாயிற்று. ஏணி விலை ஏறிற்று. வேறு சேதமில்லை.

அந்த அறிக்கையை டைப் அடித்தவள் இருதயமேரி. இருபத்தேழு வயது, பாலக்கரை, தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து காலமானவர். வீட்டில் அம்மா அற்புதம்மாள் மட்டும். சின்ன ‘ர’ வர வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ விழுந்துவிட்டால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி அடிக்கிற சுபாவம் அவளுக்கு. வேலை செய்தது தென்னூரில், ரஷீதா பீவி என்பவரின் மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்த கடைமடை அபிவிருத்தித் தனி அலுவலகத்தில். வாய்க்காலின் கடைசி மடை வரைக்கும் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகக் கடல் கடந்த ஒரு வங்கி கொடுத்த கடனில் 1959-இல் ஏற்பட்ட அலுவலகம் அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது கடனின் முதல் நிபந்தனை. முன்னேற்றம் இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையிலும் இல்லை.

தனி அலுவலர் ஸ்ரீரங்கராஜன், ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதிக்காரர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் கலையாமல் தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவார். வீட்டில் பொய்யே பேசாதவர். அறிக்கையில் எழுதுவதைப் பொய் என்று அவர் நினைக்கவில்லை. அது ஒரு வழக்கம். உள்ளதை எழுதினால் மேலிடத்திலிருந்து மெமோ வரும், ஆனதாக எழுதினால் வராது. மூன்று வருஷம் இங்கிலீஷில் எழுதினார். மரம், கிணறு, மதகு என்று லட்சக்கணக்கில் எழுதியும் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகுதான் ஆட்சி மொழி உத்தரவு வந்து, எல்லா அறிக்கைக்கும் தமிழ் நகல் ஒன்று கட்டாயம் என்றாயிற்று. புதுத் தமிழ் டைப்ரைட்டரும் அதை அடிக்க மேரியும் வந்தார்கள். அவள் அடித்து, அவர் கையெழுத்துப் போட்டு, பியூன் அடைக்கலம் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திய முதல் தமிழ் நகலில்தான் அந்த நாற்பதாயிரம் மரங்கள் இருந்தன.

அடுத்த அறிக்கை ஜனவரியில் போயிற்று. ‘கடைமடை வரை தண்ணீர் சென்றடைந்தது’ என்று அதில் ஒரு வரி. மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஊமங்குடியிலிருந்து வெள்ளையம்மாள் என்ற விதவைப் பெண், நனைந்த ஆட்டுக்குட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தாள். பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் பார்க்காத வாய்க்கால் என்று அதன் படுகையிலேயே ஆட்டுக்கொட்டகை போட்டிருந்தவள் அவள்.

“ஏங்க, தண்ணி விடுறதுன்னா ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? தமுக்கு அடிக்க வேணாமா?” என்றாள். “நாப்பது ஆடும் மொட்டப்பாறையில ஏறி நிக்குது. இது ஒண்ணுதான் எறங்கி வந்துச்சு.”

ஸ்ரீரங்கராஜன் எழுந்து நின்றுவிட்டார். தண்ணீர் வரவில்லை என்ற மனுவுக்கு என்ன பதில் எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும், நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார். வந்துவிட்டது என்ற மனுவை அவர் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளையம்மாளுக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அறிக்கையின் கார்பன் பிரதியை வரிவரியாகப் படித்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்ற புங்கமரத்தைப் பார்த்தார். “பெருமாளுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பழக்கம் இல்லை போலிருக்கு,” என்றார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷங்களை ஜீயபுரம் பக்கத்தில் நல்ல காலம் என்று சொல்வார்கள். அதிகாரியும் டைப்பிஸ்டும் உட்கார்ந்து யோசித்து, வரி வரியாக, என்ன ஆனதாக எழுதலாம் என்று தீர்மானித்தார்கள். மதகுகளுக்குப் புதுப் பலகை வந்தது. மூன்று பாலம் எழுந்தது. ஊமங்குடிக்கு ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரு வாத்தியார், வாத்தியாருக்குக் குடை. அறிக்கைக்கு உட்பட்டது மட்டுந்தான் நடந்தது. வாய்க்காலையும் அலுவலகத்தையும் தாண்டி ஒரு வரி அடித்தாலும் அது வெறும் மையாகவே கிடந்தது. அம்மாவின் மூட்டுவலி தீர்ந்ததாக மேரி ஒரு முறை இணைப்புப் பக்கத்தில் அடித்துப் பார்த்தாள். அற்புதம்மாளுக்கு வலி தீரவில்லை. வாய்க்கால் கரையில் நொண்டிக்கொண்டிருந்த ஒரு கிழ எருமை நிமிர்ந்து நடந்தது.

மேரிக்குப் பயம் வந்தது எலிகளால். அலுவலகத்தில் எலி அதிகமாகிக் கோப்புகளைக் கடித்ததால், 1964 ஏப்ரல் அறிக்கையில் ‘எலித்தொல்லை நீக்கப்பட்டது’ என்று அடித்தாள். ஸ்டாம்ப் விழுந்ததும் எலிகள் போயின. வளைகளும் போயின. கோப்புகளில் கடிபட்ட இடங்கள் மூடிக்கொண்டன. மறுநாள் அடைக்கலம் அலமாரிக்கடியிலிருந்து ஒரு பொறியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது எதுக்கும்மா வாங்கினோம்?” என்று கேட்டான். மேரிக்கும் தெரியவில்லை. கார்பன் பிரதியைப் படித்த பிறகுதான் அப்படி ஒரு பிராணி அந்த மாடியில் இருந்ததே அவளுக்கு விளங்கியது. பொறியைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். ‘நீக்கப்பட்டது’ என்ற வார்த்தையை அன்றிலிருந்து அவள் அடிக்கவில்லை.

1965 மே மாதத்தில் வங்கியின் நிபுணர் வந்தார். ஹூக்ஸ்ட்ரா என்று பெயர். ஆறே முக்கால் அடி உயரம். ஊர் வாயில் அது கொக்குத்துரை ஆயிற்று. பதினாறு தேசங்களில் கடன் கொடுத்து நட்ட மரங்களை எண்ணியவர் அவர். நாற்பதாயிரம் என்று எழுதிய இடத்தில் நானூறு நின்றால் திருப்தியாகத் திரும்பிப் போகிறவர். இங்கே பதினோரு நாள் எண்ணினார். சரியாக நாற்பதாயிரம். அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை என்று டிராவலர்ஸ் பங்களா சமையல்காரர் சொன்னார். மறுநாள் தெளிந்துவிட்டார். இவ்வளவு ஒழுங்காக நடக்கிற இடத்தில் ஆட்கள் அதிகப்படி என்று அவருடைய படிப்பு அவருக்குச் சொல்லிற்று. வாய்க்காலில் மதகு திறந்து மூடுகிற லஸ்கர்கள் அறுபது பேர் இருந்தார்கள். அதைப் பாதியாகக் குறைத்தால்தான் அடுத்த தவணை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சீர்திருத்த அறிக்கை திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று டில்லிக்குப் புறப்பட்டார்.

ஸ்ரீரங்கராஜன் டிராஃப்ட் எழுதினார். கீழ்க்கண்ட முப்பது லஸ்கர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். அதற்குக் கீழே பெயர்ப் பட்டியல். முதல் பெயர் ஜீயபுரம் வீரமலை. மேரி அதை வாங்கிக்கொண்டு போய் மிஷினில் பேப்பரைச் சொருகினாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, எலிப்பொறியைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள்.

“சார், இதை நான் அடிச்சா இந்த முப்பது பேரையும் அவங்க வீட்டுலயே யாருக்கும் தெரியாமப் போயிடும்.”

அவர் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அடிக்கலேன்னா தவணை நின்னுடும்மா. தவணை நின்னா அலுவலகம் மூடிடுவா. அறிக்கையும் இல்லை, தண்ணியும் இல்லை. அறுபது பேருக்கும் வேலை போயிடும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ.”

“அவங்க கேக்கிறது பாதியாக் குறைக்கணும்னுதானே சார்?”

“ஆமாம்.”

“அப்ப அதையே அப்படியே போட்டுடறேன். பட்டியல் வேண்டாம்.”

ஸ்ரீரங்கராஜன் யோசித்தார். அர்த்தம் மாறவில்லை, துரை எழுதிய வார்த்தைதான். ‘லஸ்கர்கள் அறுபது பேரும் பாதியாகக் குறைக்கப்பட்டனர்’ என்று மேரி அடித்தாள். வேலை நேரம் பாதியாகும் அல்லது வேறு ஏதாவது பாதியாகும் என்று அவள் எதிர்பார்த்தாள். எப்படியானாலும் ஆட்கள் இருப்பார்கள். கையெழுத்து ஆயிற்று. அடைக்கலம் ஸ்டாம்பைக் குத்தினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருளாயி தன் புருஷன் வீரமலையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தென்னூருக்கு வந்து சேர்ந்தாள். ஜீயபுரம் பஸ்ஸில் கண்டக்டர் அவருக்கு அரை டிக்கெட் போட்டிருந்தார். வீரமலை இரண்டடி ஏழு அங்குலம் இருந்தார். மீசை பாதி, குரல் முழுசு. பெஞ்சில் இறக்கிவிட்டதும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, மரியாதைக்காகத் தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நீங்கதான் அடிச்சீங்கன்னு சொன்னாங்க,” என்றாள் இருளாயி.

மேரி ஆமாம் என்றாள்.

“பேசுறாரு, வைறாரு, எல்லாம் பழையபடிதான். ஆனா அடுப்புல சோத்துப்பானைய எட்டிப் பாக்க என்னத் தூக்கச் சொல்றாரு. அண்டை வீட்டுல சிரிக்கிறாங்க. ஒங்களுக்கு நாங்க என்னம்மா செஞ்சோம்?”

“சும்மா இரு இருளாயி,” என்றார் வீரமலை. “வேலை இருக்குல்ல.”

மேரி கிழிக்காமல் வைத்திருந்த டிராஃப்டை எடுத்து வந்தாள். இருளாயிக்குப் படிக்கத் தெரியாது. முதல் பெயரின்மேல் விரலை வைத்து வாசித்துக் காட்டி, பொறியைக் காட்டி, எலிகளின் கதையைச் சொன்னாள். இருளாயி அந்தப் பொறியைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“அப்ப இவரு யாருன்னே எனக்குத் தெரியாமப் போயிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுங்க. கல்யாணம் ஆச்சான்னுகூட.”

இருளாயி எழுந்தாள். வீரமலையைத் தூக்கி மறுபக்கத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அவர் முகத்து வேர்வையைத் துடைத்தாள். “எத்தன நாளைக்கும்மா?” என்றாள். ஒரு வழி பண்ணுகிறேன் என்று மட்டும் மேரி சொன்னாள். அன்று மத்தியானம் அவள் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

அடுத்த அறிக்கையிலேயே திருத்திவிடலாம் என்று நினைத்தாள், முடியவில்லை. ஆட்களைப் பற்றி எந்த வரியானாலும் வங்கியின் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது என்று புது நிபந்தனை வந்திருந்தது. பதினாறு மாதம் அறுபது பேரும் பாதியாகவே இருந்தார்கள். அவர்களுக்கு அரைச் சம்பளம் போதும் என்று கணக்குப் பிரிவு எழுதியபோது, ஸ்ரீரங்கராஜன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கோபப்பட்டு, சம்பளம் பதவிக்கே தவிர உயரத்துக்கு அல்ல என்று விதிப் புத்தகத்தைக் காட்டி நாலு பக்கம் பதில் எழுதினார். முழுச் சம்பளம் வந்தது. லஸ்கர்கள் மதகுக் குழாய்க்குள் நிமிர்ந்தே நடந்துபோய், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அடைத்துக் கிடந்த சேற்றையெல்லாம் அள்ளிக் கொட்டினார்கள். ஒரு காக்கிச் சட்டைத் துணியில் இரண்டு பேருக்குத் தைத்தார்கள். வெள்ளம் வந்தால் மட்டும் அவர்களைக் கயிற்றால் மரத்தோடு கட்டிவைக்க வேண்டியிருந்தது. அதற்குப் புங்கமரங்கள் உதவின. கொக்குத்துரை மறுபடி வந்து கரையில் நடந்தார். அவருக்குக் குனிந்து பார்க்கும் வழக்கம் இல்லை. தொடை உயரத்தில் அறுபது பேர் சலாம் போட்டு நிற்க, தலைக்கு நேராகப் பார்த்துவிட்டு, ஆட்கள் கண்ணிலேயே படவில்லை, சிக்கனம் என்றால் இதுதான் என்று மிகவும் புகழ்ந்து எழுதினார்.

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் இருளாயி அலுவலகத்துக்கு வந்துபோனாள். ஒன்றும் கேட்க மாட்டாள். வாழைத்தார் ஒன்றை மாடிப்படியில் சாய்த்து வைத்துவிட்டு, மேரியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவாள். அதற்கு ஒரு வசவே தேவலை என்று மேரி அம்மாவிடம் சொன்னாள்.

1966 ஜூன் மாதம் ஆறாம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். வெளிநாட்டில் கடன் வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் எல்லாக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அப்படிப் போட்டதில் பிடாரி வாய்க்கால் எந்தப் பத்தியிலும் அடங்கவில்லை. திட்டம் வெற்றிகரமாக முடிந்தது, செப்டம்பர் முப்பதோடு அலுவலகத்தை மூடவும் என்று உத்தரவு வந்தது. முடிவறிக்கையின் வாசகத்தையும் மேலிடமே அனுப்பியிருந்தது: அலுவலகம் கலைக்கப்பட்டது, பணியாளர்கள் நீக்கப்பட்டனர். ஏழு இணைப்புகளை மட்டும் இங்கே தயார் செய்துகொள்ளலாம்.

மேரி அதைப் படித்தாள். பணியாளர்கள் என்றால் அவள், ஸ்ரீரங்கராஜன், அடைக்கலம், அறுபது லஸ்கர்கள். பாலக்கரை வீட்டில் அம்மா ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைப்பதும், மேரியின் துருப்பிடித்த பழைய சைக்கிளைப் பார்த்து இது யாருடையது என்று கேட்பதும் அவள் கண்முன் வந்தன. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மேலிடத்து வாசகத்தை மாற்றி அடிக்க அவளுக்கு அதிகாரமில்லை என்பது உண்மைதான். ஆனால் முடிவறிக்கையை யாரும் படிப்பதில்லை என்பதும் உண்மை. திட்டம் வெற்றி என்ற முதல் பக்கத்தோடு அது அலமாரிக்குப் போய்விடும். நீக்கப்பட்டனர் என்பதை விட்டுவிட்டு, மாற்றப்பட்டனர் என்று போட்டாள். போட்டுவிட்டு நிறுத்தினாள். வெறுமே மாற்றப்பட்டனர் என்று விட்டால் எதுவாக மாற்றப்படுவோம் என்று சொல்ல முடியாது. ஆகவே லஸ்கர்களை இணைப்புக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற மூவரில் யார் எந்த ஊருக்கு என்று பெயர் பெயராக, தெரு பெயரோடு அடித்தாள். வாடகைக் கட்டடம் ஒழுகாத நிலையில் ரஷீதா பீவியிடம் ஒப்படைக்கப்பட்டது என்று சேர்த்தாள். கடைசியாக ஏழாம் இணைப்பு, இதர விவரங்கள். ‘லஸ்கர்கள் அறுபது பேரும் ஆறடி உயரமும் திடமான தேகமும் கொண்டவர்களாய், பொதுப்பணியில் நிரந்தரமாக்கப்பட்டு, தத்தம் குடும்பத்துடன் வசித்து வருகின்றனர்.’

ஸ்ரீரங்கராஜன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மேலிடத்து வரி மாறியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தைத் திருப்பினார். ஏழாம் இணைப்பில் நின்றார்.

“வீரமலை முன்னாடி அஞ்சடி ரெண்டங்குலம்தானேம்மா?”

“ஆமா சார்.”

“ஆறடின்னு இருக்கே?”

“பதினாறு மாசம் சார்,” என்றாள் மேரி. “பாதி உயரத்தை அவங்ககிட்டேர்ந்து வாங்கி வெச்சிருந்தோம்.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். ஏழு வருஷத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்ததாக அடைக்கலம் பிற்பாடு சொன்னான். “வட்டியோட திருப்பித் தரோம்னு வெச்சுக்கலாம். வங்கிக்காராளுக்கு அதுல ஆட்சேபணை இருக்கப்படாது,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அடைக்கலம் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினான். கையை எடுத்தபோது அவன் ஜீயபுரத்தில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான், ஸ்டாம்ப் கையில். ஸ்ரீரங்கராஜன் திறந்த பேனாவோடு கீழச் சித்திரை வீதியில் நடந்துகொண்டிருந்தார். ஒரு நிமிஷம் கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, அப்படியே தாயார் சன்னிதிக்குப் போனார். மேரி பாலக்கரையில் சமையலறை மணையில் உட்கார்ந்திருந்தாள். அற்புதம்மாள் திரும்பிப் பார்த்து, “இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டியே, காபி போடவா?” என்றாள். மேரிக்கு அழுகை வந்தது. போடச் சொன்னாள். அடுத்த மாதம் பிஷப் நடத்திய பள்ளிக்கூடமொன்றில் அவளுக்குத் தட்டச்சு ஆசிரியை வேலை கிடைத்தது. அங்கே அவள் அடித்ததெல்லாம் பேப்பரோடு நின்றது.

வீரமலை அந்த நேரத்தில் மூன்றாம் மதகுக் குழாய்க்குள் இருந்தார். குழாயை உடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். வீட்டுக்குப் போனபோது நிலைப்படியில் நெற்றி இடித்தது. இருளாயி சத்தம் கேட்டு வந்து, அண்ணாந்து பார்த்து, நெற்றியில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவதற்கு அவரை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தும் எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறி நின்று பூசினாள். ராத்திரி படுத்தபோது அவர் கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நின்றன. காலையில் ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு முழம் நீட்டித் தரச் சொன்னார்கள். வாய்க்கால் நெடுக அறுபது வீட்டிலும் அதே வேலை வந்துவிட்டதால், அந்தப் புரட்டாசியில் ஜீயபுரம் பக்கத்தில் ஆசாரி கூலி நாலு ரூபாயிலிருந்து ஐந்து ரூபாய் ஆயிற்று. அதற்குப் பிறகு அது இறங்கவில்லை.